செலின் வீட்டு வேப்பிலை

கொரட்டூர் ஏரிக்கரைத் தெருவில், ஆறு குடித்தனக் காம்பவுண்டு அது. செலின் வீட்டு நிலைமேல் சிலுவை இருந்தது. அன்று காலை அதன் கீழே வேப்பிலையும் தொங்கியது.

அடுத்த வீட்டு ரேவதி தண்ணீர்க் குடத்தோடு நின்றுவிட்டாள்.

"இன்னாக்கா, ஷாரனுக்கு அம்மா போட்டுகீதா?"

"போடக் கூடாதுன்னுதான் கட்டிக்கீறேன்."

"வேதக்காரங்க ஊட்ல வேப்பிலையா? ஃபாதர் பாத்தாரு, அவ்ளோதான்."

"ஃபாதரும் வெளியவே நிக்கட்டும்."

செலின் சிரிக்கவில்லை. மகள் ஷாரனுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு வருடம் மருந்து ஏற்றி, போன மாதம்தான் முடிந்தது. சின்னதில் போட்ட தடுப்பூசியின் பலனும் அந்த மருந்தில் கரைந்திருக்கலாம், மறுபடி போட மாதக்கணக்கில் ஆகும் என்றார் டாக்டர். "அதுவரைக்கும் சுத்தி இருக்கறவங்க போட்டிருக்கணும்மா. அவங்கதான் இவளுக்கு ஊசி."

இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைக்குத் தட்டம்மை என்று நேற்றுக் கேள்விப்பட்டாள். வேப்பிலை தொங்கும் வீட்டுக்குள் இங்கே யாரும் கால் வைக்கமாட்டார்கள், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும்.

"உன் புள்ளைக்கு ரெண்டாவது ஊசி போட்டியா?" என்றாள் செலின்.

ரேவதி குடத்தை இடுப்பு மாற்றினாள். "மொத ஊசிக்கே உத்தமனுக்கு ஜுரம்க்கா. அவங்கப்பா வாணாம்னுட்டாரு."

"ஒரு நாள் ஜுரம். இவ எத்தினி மாசம் ஜன்னல்லயே உக்காருவா, சொல்லு."

ஜன்னலில் ஷாரன் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். புதிதாக முளைத்த முடி தலையில் அரை அங்குலம். ரேவதி ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் புதன், சுகாதார நிலையத்தில் ஊசி நாள். மதியம் ரேவதியின் புருஷன் டில்லிபாபு ஷேர் ஆட்டோவை வாசலில் நிறுத்தினான். தோளில் உத்தமன் வீறிட்டான். டில்லிபாபு கண்ணும் சிவந்திருந்தது.

"ஊசி புள்ளைக்கு, அழுகை இவருக்கு," என்றாள் ரேவதி, வேப்பிலைக்கு வெளியே நின்றபடி. "கடைசி ஊட்டுப் பாப்பாவுக்கும் போட்டாச்சுக்கா. எல்லார் ஊசி அட்டையும் பாத்துட்டேன். நம்ம காம்பவுண்ட்ல இனிமே யாரும் பாக்கியில்ல."

செலின் திரும்பி, ஜன்னலில் இருந்த ஷாரனைப் பார்த்தாள்.

மூன்று வாரம் போனது. அந்தத் தெருக் குழந்தை தேறி, தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. வேறு யாருக்கும் வரவில்லை. டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, செலின் காய்ந்த வேப்பிலையை அவிழ்த்தாள்.

"கேட்டுக்குள்ளயே வெளயாடணும், இன்னா?"

ஷாரன் அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.