பச்சை பூசிய புஷ்பவள்ளி

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் புஷ்பவள்ளி அக்கா. பினாங்கின் சூலியா தெருவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து சொன்னார். "எழுதிக்க தம்பி. ஆனா என்னைப் பாவமா காட்டிடாத" என்றார். அதனால் முதல் மூன்று தொடக்கங்களையும் கிழித்துப் போட்டேன். மூன்றிலும் அவர் அழுதுகொண்டிருந்தார்.

(ஒன்று இப்படி இருந்தது: "கண்ணாடியில் தன் முகத்தைக் கண்ட புஷ்பவள்ளியின் நெஞ்சு..." வேண்டாம்.)

2

1979. புஷ்பவள்ளிக்கு இருபத்தாறு வயது. (ஆகவே கதைக்குள் மட்டும் 'அவள்'.) வீடு சுங்கை பினாங் அடுக்குமாடியில். வேலை மின்னணுத் தொழிற்சாலையில்: நாள் முழுக்க நுண்ணோக்கிக்குள் பார்த்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகளைச் சிலிக்கான் சில்லில் இணைக்க வேண்டும். வெளிநாட்டுக் குழு ஒன்று விண்வெளித் தொடர் எடுக்க வந்திருக்கிறது, உள்ளூர் ஆட்கள் தேவை என்று கேள்விப்பட்டதும், தொழிற்சாலைத் தோழி சலேஹாவையும் இழுத்துக்கொண்டு போனாள். விண்கப்பலோட்டி வேடம் கேட்பதாக முடிவு.

வரிசையில் நின்ற மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோருக்கும் ஒரே வேடம்: வேற்றுக்கிரகவாசி. ஒரே வாளியில் பச்சைச் சாயம். கப்பலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள்.

மொழிபெயர்ப்பாளர் சந்திரசேகரனிடம் கேட்டாள். "அண்ணே, கப்பல்ல நம்ம ஆளு ஒருத்தர்கூட இல்லையா?"

"கதை ஆயிரம் வருஷம் கழிச்சு நடக்குது தங்கச்சி."

"அந்த ஆயிரம் வருஷத்துல நாம எல்லாம் எங்க போயிட்டோம்?"

அவர் அதை அப்படியே இயக்குநரிடம் மொழிபெயர்த்துச் சொன்னார். இயக்குநர் சிரித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

(இங்கே அவள் நீண்ட உரை ஆற்றுவதாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவளுக்கு அப்போது பசி.)

3

கப்பல் தரையிறங்கும் காட்சி. கிரகத்தின் தலைவியாக அவளை முன்னால் நிறுத்தினார்கள்.

"வாய்க்கு வந்த சத்தத்தப் போடச் சொல்றாரு. மொழி மாதிரி இருந்தா போதுமாம்" என்றார் சந்திரசேகரன்.

கப்பல் தலைவன் பலகைப் படியில் இறங்கினான். புஷ்பவள்ளி இரு கைகளையும் உயர்த்திக் கம்பீரமாகச் சொன்னாள்: "வழிய மறிச்சிக்கிட்டா கப்பல நிறுத்துவாங்க? தள்ளி நிறுத்துங்க லா. நாங்க வேலைக்குப் போக வேணாமா?"

பின்னால் நின்ற தமிழர்கள் தலைகுனிந்தார்கள். பச்சைத் தோள்கள் குலுங்கின. இயக்குநருக்கு அது பக்தியாகத் தெரிந்தது. முதல் டேக்கிலேயே ஓகே.

4

இரண்டு வருடம் கழித்துத் தொடர் இங்கே ஒளிபரப்பானது. சனிக்கிழமை மாலை, மாடி முழுக்க அவள் வீட்டில் கூடியிருந்தது. திரையில் அவள் பேசி முடித்ததும், கப்பல் தலைவன் கையிலிருந்த மொழிபெயர்ப்புப் பெட்டி ஆங்கிலத்தில் சொன்னது: 'தெய்வங்களே, எங்களைக் காப்பாற்றுங்கள்.'

வீடே வெடித்துச் சிரித்தது. பக்கத்து வீட்டு முனுசாமி சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். புஷ்பவள்ளி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய்த் தொலைக்காட்சியின் ஒலியை முழுக்கக் குறைத்தாள்.

"பெட்டி பொய் சொல்லுது. இனிமே நான் சொல்றேன்."

திரையில் தலைவன் வாயசைத்தான். அவள் அவனுக்காகப் பேசினாள்: "மன்னிச்சுக்கங்க அக்கா. வயர் அந்து போச்சு. இங்க யாருக்காச்சும் ரிப்பேர் தெரியுமா?"

மற்ற வெள்ளைக்காரர்களுக்காகச் சலேஹா மலாயில் பேசினாள். அடுத்த சனிக்கிழமை படிக்கட்டு வரை ஆள். அவர்கள் சொன்ன தொடரில் பச்சை மக்கள் கப்பலைப் பழுதுபார்த்து, தலைவனை வரிசையில் நிற்க வைத்து, சோறு போட்டு, ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள்.

5

கடைசிப் பாகத்தில் கப்பலிலிருந்து சுட்டு, அந்தக் கிரகத்தையே அழிக்கிறார்கள். படத்தை மாற்ற முடியாது; வெறும் பேச்சால் அந்தக் கிரகத்தை எப்படிக் காப்பாற்றுவது?

இயக்குநர் கடிதம் போட்டு, அவளைக் கப்பலோட்டியாக அழைப்பதாக ஒரு முடிவு எழுதி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"அவங்க கூப்பிட்டாத்தான் ஏறணுமா தம்பி?"

அடித்துவிட்டேன். சுட்டது குண்டே அல்ல, தீபாவளி வாணம் என்று அவள் சொன்னதாக... இல்லை, அதுவும் முழுதாக வரவில்லை.

"அன்னைக்கு நிஜமாவே என்ன சொன்னீங்க அக்கா?"

"எல்லாரும் சிரிச்ச சிரிப்புல எனக்கே மறந்துபோச்சு. நீ இருந்திருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அந்தக் கேள்வியை உங்களிடம் விடுகிறேன். தலைவன் பொத்தான்மேல் விரலை வைத்துவிட்டான். வீடு நிறைய ஆட்கள் காத்திருக்கிறார்கள். சலேஹா உங்களையே பார்க்கிறாள். அவன் வாய் திறக்கிறான்; பேசுங்கள்.