செண்பகவல்லியின் கல்லில் இருந்த துணுக்கு

வேப்பங்கரட்டில் ஒரு பிள்ளை பிறந்தால் அன்றைக்கே அதற்குரிய விண்கல் கொல்லைப்புறத்தில் வந்து விழுந்துவிடும். சூடு ஆறியதும் யாராவது முறத்தில் அள்ளிவந்து அரிசி டிரம்மில் போட்டு மூடிவைப்பார்கள். கல்யாணம் ஆனால் புருஷன் கல்லும் பெண்டாட்டி கல்லும் ஒரே டிரம்முக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வீடு கட்டும்போதுதான் அவற்றுக்கு வேலை. அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் இரண்டையும் கல் பார்க்கிற திலகவதியிடம் காட்டிவிட வேண்டும்.

பஸ் நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்த மருதப்பனும் அப்படித்தான் போனான். மனைவி செண்பகவல்லியின் கல்லை முதலில் கொடுத்தான். திலகவதி வெங்காயத் தோல் கனத்துக்கு ஒரு சீவல் எடுத்து, அடியில் வெளிச்சம் போட்டு, நுண்ணோக்கியில் குனிந்தாள். குனிந்தவள் நிமிர வெகுநேரம் ஆனது.

"வீட்டம்மா கல்லு நல்ல அடி வாங்கியிருக்குங்க," என்றாள். "நானூத்து நாப்பது கோடி வருஷத்துக்கு முன்னால. படிகமெல்லாம் உருகிக் கண்ணாடியா நிக்குது. இதுல பாஸ்பேட்டுன்னு ஒரு தாது இருக்கே, அது தன் வயசையே மறந்துட்டு அன்னையிலேருந்து புதுசா எண்ண ஆரம்பிச்சிருக்கு. அவ்வளவு பெரிய மோதல்."

"எதோட மோதல்?"

"மோதுன கல்லோட துணுக்கு உள்ளயே தங்கியிருக்கு, பச்சையா. எங்கயோ பாத்த பச்சை." ஊர்ச் சீவல்கள் எல்லாம் இருந்த இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "மாவு மில் சிகாமணி கல்லு. ரெண்டும் ஒண்ணுதான்."

மருதப்பன் தன் கல்லைக் காட்டாமலே கிளம்பிவிட்டான். வயிறு எரிந்தது. சோடா வாங்கிக் குடித்தும் அடங்கவில்லை.

செண்பகவல்லி தையல் மெஷினில் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

"சிகாமணி உன்மேல மோதினத ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்ப?"

"நானூத்து நாப்பது கோடி வருஷத்துக்கு முன்னால."

அவள் ஊசியில் நூல் கோத்தபடி யோசித்தாள். "அப்ப உங்கள நான் பாத்ததே இல்லீங்களே. அவரு வேகமா வந்தாரு. ஒதுங்க முடியல."

"ஆகாசத்துல ஒதுங்க இடமில்லையா?"

நியாயமான கேள்விதான். ஆகாசத்தில் இடத்துக்கு என்ன பஞ்சம்? அவள் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

அதிலிருந்து மருதப்பனுக்கு எல்லாம் விளங்க ஆரம்பித்தது. மற்றவர்கள் மாவைவிடத் தன் வீட்டு மாவு ஏன் நைஸாக இருக்கிறது, சிகாமணி ஏன் தூக்குவாளியை வாங்கும்போது 'வாங்க தங்கச்சி' என்கிறான், மில் ஓடும் சத்தம் கேட்டால் இவள் ஏன் ஜன்னலைச் சாத்துவதில்லை. சிகாமணிக்கு வழுக்கை, காதில் மயிர், கண் இமைவரை மாவு. அவனை என்றைக்காவது பொருட்டாக மதித்திருப்பானா மருதப்பன்? இப்போது அந்த வழுக்கையே ஏதோ ஆகாசத்தில் தேய்ந்த பெருமைபோலத் தெரிந்தது. மாவு அரைக்க இனி பக்கத்து ஊருக்குத்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டான். அந்த மில்லில் மாவு குருணையாக வந்தது, இடியாப்பம் பிழியப் பிழிய அறுந்தது. அறுந்ததை அவனே தின்றான்.

ஒரு வாரம் தின்றுவிட்டுத் திலகவதியிடம் மறுபடி போனான். "அந்த மோதல அவ கல்லு மறக்கிறதுக்கு வழி இருக்கா?"

"இருக்கே. இன்னொரு பெரிய மோதல் வந்தா கணக்கு மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும். பழசு அழிஞ்சுரும்."

இவ்வளவு சுலபமா என்று நினைத்தான். வீட்டுக்கு வந்ததும் செண்பகவல்லியின் கல்லைத் துவைக்கிற கல்மேல் வைத்து, தன் கல்லை இரண்டு கையாலும் தூக்கி ஓங்கிப் போட்டான். துவைக்கிற கல் இரண்டாகப் பிளந்தது. விண்கற்கள் ஆளுக்கொரு பக்கம் உருண்டு போயின. அவன் இரண்டையும் துண்டில் கட்டிக்கொண்டு போய்த் திலகவதி முன்னால் வைத்தான்.

"கைவேகம் காணாதுங்க. நொடிக்கு அஞ்சு கிலோமீட்டராவது வேணும். மேல போனாத்தான் அந்த வேகம் வரும்," என்றாள் அவள். "கல்லக் கையில ஏந்திக்கிட்டு, வந்த வழிய பாத்துப் போன்னு சொன்னாப் போதும், போயிரும். ஆனா ரெண்டும் சந்திக்க முப்பது கோடி வருஷம் ஆகும்."

பிறகு முதல்முறையாக அவன் கல்லில் சீவல் எடுத்துப் பார்த்தாள்.

"இது அபூர்வமான கல்லுங்க. உண்டான நாள்லேருந்து இதுமேல ஒண்ணுமே மோதல. ஒரு கீறல்கூட இல்ல. எல்லாம் அப்படியே இருக்கு."

வேறு யாராக இருந்தாலும் மீசையை முறுக்கியிருப்பார்கள். மருதப்பன் தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். சிகாமணிக்குக்கூட மோத ஒரு கல் கிடைத்திருக்கிறது. தன்மேல் இடிப்பதற்கு இத்தனை கோடி வருஷத்தில் ஒரு கூழாங்கல்லுக்கும் தோன்றவில்லை. சிகாமணிமேல் இருந்த பொறாமை அப்படியே இருந்தது. இப்போது பெண்டாட்டிமேலும் பொறாமை வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னான்.

"அட, இதுக்குத்தானா ஒரு வாரமா குருணைய மென்னீங்க?" என்றாள் செண்பகவல்லி. துண்டை அவிழ்த்தாள். கற்களில் ஒட்டியிருந்த அரிசித் தவிட்டை முந்தானையால் துடைத்தாள். "வாங்க மாடிக்கு."

மாடியில் வெயில் சாய்ந்திருந்தது. அவள் தன் கல்லை உள்ளங்கையில் வைத்து, "போ," என்றாள். அது போனது. "இப்ப உங்கத விடுங்க. என்னுது கொஞ்சம் முன்னால போகட்டும், உங்கது பின்னாலேருந்து வேகமா வரட்டும். அப்பத்தான் நல்லா விழும்."

"வழியில வேற ஏதாவது வந்தா?"

"இந்தத் தடவ ஒதுங்கிக்கிறேன்."

மருதப்பன் தன் கல்லை விட்டான். அது கொஞ்சம் தயங்கிவிட்டு ஏறியது. அவள் கீழே போய் இரண்டு நாற்காலியும் இரண்டு டம்ளர் டீயும் கொண்டுவந்தாள்.

"உங்களுக்கு டூட்டி இல்லையா?"

"இன்னைக்கு எனக்கு வார லீவு."

உட்கார்ந்தார்கள். டீ ஆறுவதற்குள் முதல் கோடி வருஷம் கழிந்தது. மாவு மில் இருந்த இடத்தில் கடல் வந்திருந்தது. மருதப்பன் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வயிறு குளிர டீயைக் குடித்தான்.