கை படும் இடம்

சிட்டு தன் தோழிகள் இருவரையும் தையல் மேசைக்கு முன்னால் நிறுத்தி, "கையக் காட்டுங்கடி" என்றாள். நான்கு உள்ளங்கைகளிலும் பூனை பிராண்டியது போலச் சிவப்புக் கீறல்கள்.

"நீங்க டிரெஸ் இடுப்புல ஒட்டுன கல்லு பண்ண வேலை ஆன்ட்டி. என்னைத் தூக்குறப்ப கை வழுக்கிடுச்சு. கோச் மட்டும் தாங்கலன்னா மண்டை போயிருக்கும்."

அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் கோச் பின்னால் சங்கடமாக நின்றாள். தையல்காரியைவிடப் பத்து வயது இளையவள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. இடுப்ப மாத்தி ஒண்ணு தச்சு வெள்ளிக்கிழமை எடுத்துட்டு வாங்க. சரியா வந்தா போட்டிக்கு அதைப் போடுறோம். இல்லன்னா எங்க பழைய டிரெஸ்ஸே இருக்கட்டும்."

அவர்கள் போன பிறகும் தையல்காரி நின்ற இடத்திலேயே நின்றாள். கல்யாணப் பாவாடைக்கும் பள்ளிக்கூடச் சட்டைக்கும் கை தேய்ந்தவளுக்கு வாராது வந்த வேலை இது. கூட்டமாக ஆடி, ஒருத்தியை உயரத் தூக்கி நிறுத்தும் சியர்லீடிங் என்றால் என்னவென்று கோச் செல்பேசியில் காட்டியபோதே ஆசை பற்றிக்கொண்டது. கையைத் தூக்கினால் மேல்சட்டை ஏறி வயிறு தெரியக்கூடாது என்று அக்குளில் தனியாக ஒரு துண்டு வைத்தாள். துணியைக் கடை வாசலில் மாட்டி, தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று, நடுவர் கண்ணுக்கு எந்த நிறம் எட்டும் என்று பார்த்தாள். பூ விற்பவள் "என்னம்மா, கடையைப் பாக்கணும்னா உள்ள போய்ப் பாரேன்" என்று கிண்டல் செய்ததுகூட உறைக்கவில்லை. கை நேராக நீள்கிறதா என்பது தெரிய, தோளிலிருந்து மணிக்கட்டு வரை வெள்ளைக் கோடு. எல்லாவற்றுக்கும் சிகரமாக, இடுப்பைச் சுற்றி ஒட்டிய கற்கள். ஊசி முனையில் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டியவை.

எல்லாம் யோசித்தாள். அந்த இடுப்பை இன்னொருத்தியின் கை வந்து பிடிக்கும் என்பது மட்டும் தோன்றவில்லை. செல்பேசியில் பார்த்தபோதுகூடப் பிடித்த கைகளைப் பார்க்காமல், மேலே நின்றவளின் சட்டையைத்தான் பார்த்திருக்கிறாள்.

எப்படித் தோன்றும்? தைத்ததைப் பொம்மைக்குப் போட்டுப் பார்த்தாள். சிட்டுவும் அவளும் ஒல்லிக்கு ஒல்லி, ஒரே அளவு என்பதால் தானும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் குனிந்தாள், நிமிர்ந்தாள், குதித்தாள். பொம்மையையும் யாரும் பிடிப்பதில்லை, அவளையும் யாரும் பிடிப்பதில்லை. புருஷன் தன் வழி பார்த்துக்கொண்டு போன பிறகு, சில்லறை வாங்கும்போது விரல் நுனி உரசினால் உண்டு. ஊரார் இடுப்பையெல்லாம் நாடா போட்டு அளக்கிறவளுக்குத் தன் இடுப்பு கை படும் இடம் என்பதே மறந்துபோயிருந்தது. அதை நினைத்ததும் அழுகை வந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, கற்களைச் சுரண்ட உட்கார்ந்தாள்.

பசைக் கறை போகவில்லை. இடுப்புத் துணியையே வெட்டியெடுத்துவிட்டு, லேசாகச் சொரசொரப்பான, பளபளப்பில்லாத துணியை வைத்துத் தைத்தாள். பார்க்க மொட்டையாக இருந்தது. அழகு பார்த்தது போதும் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பயிற்சிக்கூடத்தில் சிட்டு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். "நான் மாட்டேன். சூடு பட்ட பூனை ஆன்ட்டி நான். முதல்ல நீங்க போடுங்க, நான் பாக்குறேன்."

"ஏய், என்னடி பேச்சு இது?" என்றாள் கோச்.

"பரவால்லம்மா. அவ பயம் அவளுக்கு" என்று சொல்லிவிட்டுத் தையல்காரி உடை மாற்றப் போனாள். வெளியே வந்தபோது பெண்கள் சிரிப்பார்கள் என்று நினைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. தோழிகள் இருவரும் மெத்தையில் முன்னும் பின்னுமாக வந்து நின்றார்கள். கோச் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"மூச்ச இழுத்துப் பிடிங்க ஆன்ட்டி. உடம்பத் தளர விடாதீங்க" என்றாள் முன்னால் நின்றவள்.

நான்கு கைகள் அவள் இடுப்பைப் பிடித்தன. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிடி இறுகியது. கால் தரையை விட்டுக் கிளம்பியது. அந்தப் பெண்களின் உள்ளங்கைச் சூடு துணி வழியாக ஊறி வந்தது.

"வழுக்குதா?" என்று கேட்டாள். குரல் அவளுடையது போலவே இல்லை.

"சுத்தமா இல்ல ஆன்ட்டி. சும்மா பச்சக்குனு நிக்குது."

சிட்டு கைதட்டினாள். "அப்ப சரி! எனக்கும் ஓகே."

"போதும், இறக்குங்கடி" என்றாள் கோச்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றாள் தையல்காரி அவசரமாக. "தையல் தாங்குதான்னு பாக்கணும்."

அந்தத் தையல் ஆனையைக் கட்டி இழுத்தாலும் பிரியாது. இரண்டு முறை ஓட்டியிருக்கிறாள். கோச் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, இறக்கச் சொல்ல எடுத்த கையை மெல்லக் கீழே விட்டாள். பாரம் தாங்காமல் அந்தச் சின்னக் கைகள் நடுங்கத் தொடங்கின. நடுங்க நடுங்க இன்னும் இறுக்கிப் பிடித்தன. தரைக்கு ஒரு முழம் மேலே, வெறுங்காலோடு, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள் அவள்.