டீச்சரின் சம்மணம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனைவி வாய்த்தும் கார் ஓட்டப் பயப்படுகிற புருஷன் உலகத்திலேயே ஒருவன்தான் இருப்பான். அவன் தையல்காரன். மிஷினை மிதித்தால் புயல் வேகம். ஸ்டீயரிங்கைப் பிடித்தால் உள்ளங்கை வேர்த்து ஒழுகும். அவளிடம்தான் ஓட்டப் படித்தான். பரீட்சையில் இரண்டு தரம் கோட்டைவிட்டு, மூன்றாம் தரம் தேறுவதற்குள் டீச்சரையே கல்யாணம் செய்துகொண்டான். தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. வீட்டில் அவனும் அப்படித்தான், பாதி கேலி, பாதி மரியாதை.

அவளுடைய காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. படிக்கிறவர் தடுமாறினால் அவள் கால் அதை அமுக்கிவிடும். இவர் இனிமேல் தனியாக ஓட்டுவார் என்று அவளுக்கு என்றைக்குத் தோன்றுகிறதோ, அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சீட்டின்மேல் தூக்கிச் சம்மணம் போட்டுவிடுவாள். இனி என் கால் வராது, நீயாச்சு உன் ரோடாச்சு என்று அதற்கு அர்த்தம். அவளிடம் படிக்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்தால் லைசன்ஸ் வந்ததா என்று கேட்க மாட்டார்கள். டீச்சர் சம்மணம் போட்டாங்களா என்றுதான் கேட்பார்கள்.

லைசன்ஸ் வாங்கி வருஷக்கணக்காகியும் புருஷனுக்கு மட்டும் அந்தக் கால் மேலே ஏறவில்லை. ஏறினால்தான் அதிசயம். எப்போதாவது ஓட்டினாலும் ரோட்டைவிட அவள் காலைத்தான் அவன் அதிகம் பார்ப்பான். என் காலைப் பார்க்காதீங்க, ரோட்டைப் பாருங்க என்று சொல்லிச் சொல்லி அவளுக்கும் வாய் ஓய்ந்துவிட்டது.

அவளுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்பது அவனுக்குத் தெரியவந்ததே தையலில்தான். ஒரு நாள் பேண்ட்டைக் கொண்டுவந்து, இடுப்பைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுங்கள் என்றாள். தளர்த்தினான். கொஞ்ச நாளில் அதையே பிடித்துக் கொடுக்கச் சொன்னாள். மறுபடி தளர்த்தச் சொன்னாள். ஒரே தையலைப் பிரிப்பதும் போடுவதுமாக இருந்தால் எந்தத் தையல்காரனுக்கும் சந்தேகம் வரும். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"வலின்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல," என்றாள். "காலையில ஒண்ணுமில்ல. சாயங்காலம் ஆனா உப்பிக்குது. உள்ளே யாரோ உக்காந்துக்கிட்டு சாமானையெல்லாம் இடம் மாத்தி மாத்தி வைக்கிற மாதிரி இருக்கு."

மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். ரத்தம் கலந்திருக்கலாம் என்று வந்தது. மறுபடி கொடுத்தார்கள், இல்லை என்று வந்தது. எதை நம்புவது என்று கேட்டால், இரண்டையுமே முழுசாக நம்ப முடியாது என்றார் டாக்டர். ஸ்கேன் எடுத்தார்கள், வாயு மறைக்கிறது, தெளிவாக இல்லை என்றார்கள். எல்லாமே மதில்மேல் பூனை. தையல்காரனுக்குக் கோபம் கோபமாக வந்தது. இடுப்பளவு முப்பதாக இருக்கலாம், நாற்பதாகவும் இருக்கலாம் என்று அவன் எழுதிவைத்தால் எவனாவது துணி கொடுப்பானா?

சொந்தக்காரர்களுக்கோ வெறும் வாயை மென்றவனுக்கு அவல் கிடைத்த கதை. எங்களுக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது என்று எல்லாருமே ஆரம்பிப்பார்கள். ஒருவராவது அந்தக் கதையை நல்லபடி முடித்தார்களா என்றால் இல்லை. அதையெல்லாம் இவன் கேட்டுவிட்டு வந்து பட்டன் தைக்க உட்கார்ந்தால் துளையில் ஊசி இறங்காது. அவளுக்கு ஏதாவது ஒன்று என்றால் தாங்கிப் பிடிக்கத் தனக்குத் தெம்பிருக்கிறதா என்று யோசிப்பான். இல்லை என்றுதான் ஒவ்வொரு தரமும் பதில் வந்தது. கல்யாணம் ஆனதிலிருந்து ஒவ்வொரு இடறலிலும் அவள்தான் முதலில் காலை வைத்திருக்கிறாள்.

அவளோ ஒரு நாள்கூடப் பாடத்தை நிறுத்தவில்லை. அவன் கடை இருக்கிற தெருவில்தான் அவள் கார் நாளெல்லாம் ஊர்ந்து போகும், வரும். ஒரு நாள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஓட்டிவந்து, வண்டியைக் கடைக்கு நேர் எதிரே நட்டநடுத் தெருவில் ஆஃப் ஆக்கிவிட்டார். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹாரனில் கையை வைத்துவிட்டு எடுக்கவேயில்லை. பெரியவர் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். தையல்காரன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அவள் மடியில் வெந்நீர் பாட்டில் இருந்தது. அதை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல் பெரியவரிடம் பேசினாள். என்ன சொல்லியிருப்பாள் என்று அவனுக்குக் கேட்காமலே தெரியும். அவங்க ஹாரன் அவங்க அடிக்கட்டும், நீங்க மெதுவா கிளட்சை மிதிங்க. இந்த வார்த்தையை அவனே எத்தனை தரம் வாங்கியிருக்கிறான். வண்டி ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. திருப்பத்தில் பெரியவர் பின்னால் பார்க்கிற கண்ணாடியில் கவனமாக இருந்த நேரம், அவள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். அவ்வளவுதான், மறுபடி சிரித்தாள். இப்படி ஒருத்தி என்னைப் போய் எப்படிக் கட்டிக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டான். இன்றுவரை அவனுக்கு அது விளங்கவில்லை.

கடைசியில் டாக்டர், குழாய் விட்டு உள்ளே பார்த்துவிடலாம் என்றார். அதற்கு மயக்க மருந்து கொடுப்பார்கள். அதற்கப்புறம் அன்றைக்கு முழுக்க அவள் வண்டியைத் தொடக்கூடாது. அவளுடைய தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறவன். கூட்டிப் போகிறேன் என்று தானாகவே வந்து நின்றான். வேண்டாம், அவரே ஓட்டுவார் என்று சொல்லிவிட்டாள். தையல்காரன் கையிலிருந்த கத்திரிக்கோல் கீழே விழுந்தது.

"அக்கா, வயித்தைச் சரி பண்ணப் போய் கையைக் காலை ஒடைச்சுக்காதே," என்றான் மச்சினன். மாமாவை ஓரக்கண்ணால் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

முந்தின நாள் குடலைச் சுத்தம் செய்யும் மருந்தைக் கரைத்துக் குடம் குடமாகக் குடித்தாள். வீட்டில் இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. இன்றைக்கு இது என் சொத்து, உங்களுக்கு அவசரமென்றால் பக்கத்து வீடு என்று அறிவித்துவிட்டாள். ஒரு தரம் உள்ளே போனபோது வெகுநேரம் சத்தமே இல்லை. அவன் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தான். இருக்கீங்களா என்று உள்ளேயிருந்து கேட்டாள். இருக்கேன் என்றான். "பயமா இருக்குங்க," என்றாள். அதுவரை அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து அவன் கேட்டதில்லை. இருக்கேன் என்றே மறுபடியும் சொன்னான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவளே ஓட்டினாள். எல்லாம் முடிந்து டாக்டர் அவனை மட்டும் அறைக்கு வெளியே அழைத்துச் சொன்னார். சொன்னதை அவன் மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே அவளைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிவந்தான். சீட்டில் சாய்த்து, வயிற்றின்மேல் சால்வையைப் போர்த்தினான். பெல்ட்டை மாட்டினான். மறுபக்கம் வந்து உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

பெரிய ரோட்டில் ஏறிய பிறகு அவள் கேட்டாள்: "டாக்டர் என்ன சொன்னார்?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். அரை மயக்கத்தில் நம்பிவிடுவாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு மோசமாக ஓட்டினாலும் நன்றாக ஓட்டுகிறாய் என்று யாரிடமும் பொய் சொல்லாதவள் அவள். அவளிடம் போய் அதைச் சொல்ல அவனுக்கு மனது வரவில்லை.

"சின்னதா சதை வளர்ந்திருந்துதாம். எடுத்துட்டாங்க. என்னன்னு பார்க்க அனுப்பியிருக்காங்க. பார்த்தா கெட்டதாத் தெரியலன்னார். ஆனா முடிவு வராம எதையும் உறுதியாச் சொல்ல முடியாதாம்."



"அப்ப இன்னும் மதில்மேல் பூனைதான்."

"ஆமா. எந்தப் பக்கம் குதிச்சாலும் நான் இருக்கேன் டீச்சர்."

"சரி. ரோட்டைப் பாருங்க."

பார்த்தான். பாலத்திலிருந்து இறங்குகிற இடத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு லாரி பின்பக்கமாகவே ரோட்டுக்குள் வந்தது. பழக்க தோஷம், கண் தானாக அவள் காலைத் தேடியது. பிரேக்கின்மேல் கால் இல்லை. ஆனால் அதற்குள் அவன் கால் தன் பிரேக்கை அமுக்கிவிட்டிருந்தது. வண்டி குலுங்காமல் நின்றது. லாரி தன் பாட்டுக்கு ஒடித்துத் திருப்பிக்கொண்டு போயிற்று.

மூச்சு திரும்பியதும்தான் சரியாகத் திரும்பிப் பார்த்தான். கீழே அவள் செருப்பு இரண்டும் ஜோடியாகக் கிடந்தன. சீட்டின்மேல் அவள் கண்ணை மூடிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எப்போது காலைத் தூக்கினாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவ்வளவு நேரமும் ரோட்டைத்தான் பார்த்திருக்கிறான்.

இருந்தாலும் அவனுக்கு முதலில் வந்தது பயம்தான்.

"வயிறு வலிக்குதா? அதான் காலை மடக்கி வெச்சிருக்கியா?"

"வலிக்கல," என்றாள், கண்ணைத் திறக்காமலே.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். கண் கலங்கினால் ரோடு தெரியாது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டான்.