முத்தி செய்யாத கால்

கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டை வற்றினால்தான் கிணற்றடிக்குப் போகிற மனிதர் என் புருசன் எமிலியானுஸ். அந்தப் பெரிய வியாழன் மட்டும் மத்தியானமே போய்க் குந்திவிட்டார். சவுக்காரமும் தேங்காய்ப் பொச்சுமட்டையுமாகக் காலைத் தேய் தேய் என்று தேய்த்தார். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, சண்டைக்காலம் அது. எங்கள் தாழ்வுபாட்டுக் கோயிலில், யேசு சீடர்களுக்குச் செய்ததுபோலப் பங்குச் சுவாமி கால் கழுவப்போகும் பன்னிரண்டு ஆம்பிளைகளில் அந்த வருசம் அவரும் ஒருவர்.

"எல்லாத்தையும் இஞ்சையே கழுவினால் சுவாமிக்கு என்ன மிச்சம்?" என்று கேட்டேன்.

"மீன்செதில் ஒட்டின காலையோ சுவாமி முத்தி செய்யிறது? நீ உன்ர வேலையைப் பார்."

ஊரடங்குச் சட்டத்துக்குப் பயந்து பூசையைப் பின்னேரம் வெயில் இருக்கவே வைத்தார்கள். பன்னிரண்டு பேரும் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன்னால் வாங்கில் இருந்தார்கள். வலன்ரைன் சுவாமி ஒவ்வொருவராக முழந்தாளிட்டு, வலது காலில் தண்ணீர் ஊற்றி, துவாயால் துடைத்து, குனிந்து உதடு பதித்து முத்தி செய்துகொண்டு வந்தார். எமிலியானுஸ் ஏழாவது ஆள். சுவாமி அவர் காலைத் துடைத்தார். பிறகு குதிக்காலைக் கையில் ஏந்தி வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படியே காலைக் கீழே வைத்துவிட்டு எட்டாவது ஆளிடம் போய்விட்டார். முத்தி இல்லை.

கோயில் முழுக்கப் பார்த்தது. பெண்கள் பக்கத்தில் எட்வேட்டின் பெண்சாதி என் காதுக்குள்ளேயே கேட்டாள், "என்ன அருளம்மா, மனிசன் என்ன பாவம் செய்தவர்?" என்னிடம் அப்போது கையில் ஒன்றும் இல்லாதது அவளுடைய நல்ல காலம்.

அன்றைக்கு எமிலியானுஸ் சாப்பிடவில்லை. "பதினொரு பேருக்குச் செய்தார். நான் என்ன யூதாசோ?" என்று ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குக்கூட வரமாட்டேன் என்று படுத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. சுவாமியாவது ஒன்றாவது என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டேன்.

பாதி வழியில் சுவாமியே சைக்கிளை மணலில் உருட்டிக்கொண்டு எதிரே வந்தார். கருவாட்டுப் பாய்களுக்கு நடுவில், நாலு பேர் பார்க்க, வாயில் வந்ததெல்லாம் கேட்டேன். "ஊருக்கு முன்னால என்ர மனிசனை ஏன் சுவாமி இப்பிடிக் கேவலப்படுத்தினனீங்கள்? பிழை செய்தவரெண்டால் வீட்டை வந்து சொல்லியிருக்கலாமே!"

நான் மூச்சு வாங்க நின்றபோதுதான் அவர் சொன்னார்.

"மறந்துபோனன், அருளம்மா. சத்தியமா மறந்துதான் போனன். அந்தக் கறுப்பைக் கண்டாப்பிறகு என்ன செய்யிறன் எண்டே எனக்குத் தெரியேல்லை. அது எவ்வளவு காலமாக் கிடக்கு?"

"எது? அந்த முள்ளோ?"

எங்கள் கரையில் உள்ளங்காலில் கறுப்பாக எதைக் கண்டாலும் முள்தான். மீன்முள் முறிந்து உள்ளே கிடக்கும், எருக்கலம்பால் விட்டால் வெளியே வரும். எமிலியானுஸின் குதிக்கால் கறுப்பு, முதலில் பயறளவில் இருந்தது. இரண்டு வருசமாக நான் ஊசியால் கிண்டினேன், எருக்கலம்பாலும் விட்டேன். முள் வரவில்லை. பயறு புளியங்கொட்டை அளவாகி, ஓரம் கலைந்து பரவியிருந்தது. நோவில்லை என்றபடியால் அவரும் விட்டுவிட்டார், நானும் விட்டுவிட்டேன்.

"என்ர அண்ணனுக்கும் குதிக்காலிலதான்," என்றார் சுவாமி. "நாங்களும் முள்ளெண்டுதான் கிண்டினனாங்கள். அவன் இப்ப பேசாலைச் சேமக்காலையில, மண்ணுக்குள்ள கிடக்கிறான். தோல்ல வாற புற்றுநோயாம். டொக்டர் சொல்லேக்கை எல்லாம் முடிஞ்சுபோச்சு. இது அதுவாத்தான் இருக்குமெண்டு நான் சொல்லேல்லை. ஆனால் காட்டவேணும், பிள்ளை. உடனை காட்டவேணும்."

வந்த வழியே வீட்டுக்குத் திரும்பி ஓடினேன்.

உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு மன்னார் ஆசுப்பத்திரிக்குப் போனோம். டொக்டர் பார்த்த உடனேயே மஹரகமப் புற்றுநோய் ஆசுப்பத்திரிக்குப் போகச் சொன்னார். போவதென்றால் சும்மாவா? கொழும்புப் பக்கம் போக ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும். சுவாமியே எங்களோடு ஆமிக் காம்புக்கு வந்து, அங்கியோடு வெயிலில் காத்திருந்து வாங்கித் தந்தார். கொழும்பில் தங்குவதற்குக் கன்னியாஸ்திரிகளின் மடத்தில் இடமும் பேசிவைத்தார். பெற்ற தாய் இருந்திருந்தால் அவ்வளவு ஓடியிருப்பாளோ தெரியாது.

மஹரகமவில் கறுப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரைக்கும் நான் சொன்ன செபமாலைக்குக் கணக்கில்லை. எமிலியானுஸ் மட்டும், "முள்ளெண்டால் சுவாமியின்ர முகத்தைப் பார்க்கவேணும்," என்று பகிடி விட்டுக்கொண்டிருந்தார். பயந்தால்தான் அவருக்குப் பகிடி வரும்.

முள் இல்லை. புற்றுநோய்தான்.

தமிழ் தெரிந்த நேர்ஸ் ஒருத்தி பக்கத்தில் நின்று டொக்டர் சொன்னதைச் சொன்னாள். "ஆழம் போகேல்லையாம், அம்மா. சதையோட வெட்டி எடுத்திட்டுத் துடையில இருந்து தோலெடுத்து வைச்சுத் தைச்சால் சரி. கால் இருக்கும். இன்னும் கொஞ்சக்காலம் விட்டிருந்தால் காலும் இல்லை, ஆளும் இல்லையாம்." அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எங்கட மாதாவே, காலும் இருக்கும், ஆளும் இருக்கும்!

வெட்டும் தையலும் முடிந்து திரும்பி வரும்போது மதவாச்சிச் சென்றியில் பஸ்ஸை மறித்துச் சோதிக்க எல்லாரையும் இறக்கினார்கள். மன்னாருக்குப் போகிற தமிழன், காலில் பெரிய கட்டு. ஒரு ஆமிக்காரப் பெடியன் எமிலியானுஸைத் தனியாகக் கூப்பிட்டுக் கட்டை அவிழ்க்கச் சொன்னான். சண்டையில் பட்ட காயம் என்று நினைத்துவிட்டான். எனக்கு உயிர் போய் வந்தது. ஆசுப்பத்திரி அட்டையை நீட்டினேன். வாசித்தான். "மஹரகம?" என்றான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, "அம்மா. மகே அம்மா. மஹரகம," என்றான். தன் தாயும் அங்கேதான் இருக்கிறாள் என்று விளங்கியது. துவக்கைத் தோளில் போட்டுவிட்டுக் குந்தியிருந்து, அவிழ்த்த கட்டைத் தானே திரும்பச் சுற்றினான். கட்டத் தெரியாதவன் கட்டிய கட்டு. ஆனாலும் வீடு வரும்வரைக்கும் நான் அதில் கை வைக்கவில்லை. அவன் எங்கேயிருந்தாலும் நல்லாயிருக்க வேண்டும், அவனுடைய அம்மாவும்.

அடுத்த பெரிய வியாழனுக்கு சுவாமி திரும்பவும் எமிலியானுஸின் பெயரைச் சொல்லிவிட்டார். இவர் மாட்டேன் என்றார். குதிக்காலில் வேறு நிறத் தோல், சுற்றிவரத் தையல் தழும்பு. கடற்கரையில்கூடச் செருப்பைக் கழற்றாமல் திரிந்த மனிதர்.

"போன வருசம் நீங்கள் அப்பிடித் தேய்ச்சுக் கழுவியிராட்டில் அந்தக் கறுப்பு ஊத்தையோட ஊத்தையா மறைஞ்சு போயிருக்கும்," என்றேன். "கழுவிக்கொண்டு போங்கோ. பேசாமல் போங்கோ."

போனார். அதே ஏழாவது இடம். சுவாமி முழந்தாளிட்டுத் தண்ணீர் ஊற்றினார், துடைத்தார். குதிக்காலைத் திருப்பித் தைத்த தோலைப் பார்த்தார். குனிந்து அந்த இடத்திலேயே முத்தி செய்தார். எழும்பவில்லை. இன்னொருமுறை குனிந்து முத்தி செய்தார்.

"இது போன வருசத்தினது, எமிலியானுஸ்," என்றார். கோயில் முழுக்கக் கேட்டது. எட்வேட்டின் பெண்சாதிக்கும் கேட்டது; திரும்பிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்டேன்.

எமிலியானுஸ் சுவாமியின் கையிலிருந்த துவாயைப் பறித்து முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். இன்னும் ஐந்து பேர் கால் கழுவக் காத்திருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. துவாய் திரும்பி வரும்வரைக்கும் சுவாமி முழந்தாளிலேயே இருந்தார்.