காத்திருந்த நேயர்

மார்னி மடக்கு நாற்காலிகளை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தேவாலயத்துக்கு அடியில் இருந்த சாப்பாட்டுக் கூடத்தில் இடது பக்கம் ஐந்து மேசை, வலது பக்கம் ஐந்து மேசை, நடுவில் ஒரு டிராக்டர் தாராளமாகப் போய்வரலாம். இடது பக்கம் அவளுக்கு வேண்டியவர்கள், வலது பக்கம் தம்பி கர்ட்டுக்கு வேண்டியவர்கள். காபியைக்கூட இரண்டு இடத்தில் வைத்தாயிற்று. ஒரு கட்சிக்காரன் ஊற்றிய காபியை இன்னொரு கட்சிக்காரன் தெரியாமல் குடித்துத் தொலைத்தால் என்ன ஆவது?

மேலே, பீடத்துக்கு முன்னால், அப்பா ரோலண்ட் பெட்டிக்குள் படுத்திருந்தார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அந்தச் சின்ன ஊரில் முப்பத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய் ஹீட்டர் பழுதுபார்த்த மனிதர். எந்தக் கட்சிக்காரன் வீட்டு ஹீட்டரும் குளிர்காலத்தில்தான் கெட்டுப்போகும் என்பார். திங்கட்கிழமை காலை சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, சுவர் போனைக் காதில் வைத்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். வயது எழுபத்தெட்டு. கஷ்டப்படவில்லை, யாரையும் கஷ்டப்படுத்தவும் இல்லை.

மார்னி தன் கோட்டுப் பையில் இரண்டு பக்கம் எழுதி மடித்து வைத்திருந்தாள். அடக்கம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் மைக்கைப் பிடித்துப் படிக்கப்போகிறாள். ‘கடைசி மூச்சிலும் நம் பக்கத்துக்காகக் குரல் கொடுக்கக் காத்திருந்தவர் எங்கள் அப்பா’ என்று முடியும். அதை வலது பக்கத்து ஐந்து மேசையும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். முக்கியமாகக் கர்ட் கேட்க வேண்டும்.

நாலு வருஷமாக அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு இல்லை. ஒரு நவம்பரில் நன்றித் திருநாள் வான்கோழி விருந்தன்று சண்டை வந்தது. கால்பந்து ஆட்ட இடைவேளையில் பாடவிருந்த ஒரு பாட்டுக்காரிக்கு நாட்டுப்பற்று உண்டா இல்லையா என்று ஆரம்பித்தது. அந்தப் பாட்டுக்காரிக்கு இவர்கள் யாரென்றே தெரியாது. பாட்டிலிருந்து தேர்தலுக்குப் போய், தேர்தலிலிருந்து ‘உன்னை மாதிரி ஆளுங்களாலதான்’ என்று வந்து, கடைசியில் குழம்புக் கிண்ணம் கவிழ்ந்தது. அதற்கப்புறம் கர்ட் ஏதோ விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இருபது வருஷமாகக் குடித்த பீரை விட்டான். மார்னி, கோழிக்கடை முதலாளி யாருக்கோ நன்கொடை கொடுத்தான் என்று பொரித்த கோழியை விட்டாள். கோழியை விட்டதில் அவளுக்கு இன்னும் வருத்தம்தான்.

இருவரும் அம்மாவிடம் போனில் பேசுவார்கள். அப்பாவைக் கூப்பிடச் சொல்ல மாட்டார்கள். அவரும் வாங்கிப் பேச மாட்டார். ஆனால் மார்னிக்கு ஒரு ரகசியம் தெரியும். தினமும் காலை எட்டு இருபதுக்கு, நூலக வேலைக்குக் காரில் போகும்போது, அவள் கேட்கும் வானொலியில் ‘வால்ட்டர்’ என்ற நேயர் போனில் பேசுவார். பெயர்தான் வால்ட்டர், குரல் அப்பாவுடையது. மருத்துவக் காப்பீடு, பள்ளிக்கூட நிதி என்று குடியரசுக் கட்சியை வெளுத்து வாங்குவார். அப்பா நம் பக்கம் வந்துவிட்டார் என்று அவளுக்குத் தலைகால் புரியாது. வந்துவிட்டேன் என்று அவரே போன் பண்ணிச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நாலு வருஷம் காத்திருந்தாள்.

அம்மா ஆர்டிஸ் ஆப்பிள் வைத்துச் சுட்ட ‘பை’ தட்டுகளோடு படியிறங்கி வந்தாள். கூடத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

“என்னடி இது, கோர்ட்டு மாதிரி போட்டு வெச்சிருக்க?”

“சண்டை வராம இருக்கத்தாம்மா.”

“உங்கப்பா எந்தப் பக்கம் உக்காருவாராம்?”

மார்னி பதில் சொல்வதற்குள் கர்ட் ஒரு பெட்டி ரொட்டியோடு உள்ளே வந்தான். அவன் மேல்பையிலும் மடித்த காகிதம் துருத்திக்கொண்டிருந்தது.

“அம்மா, உன் பொண்ணு இன்னிக்கு மைக்கைப் பிடிக்கப்போறாளாமே. அப்பா அவ கட்சின்னு ஏதாவது உளறினா நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிடு.”

“அம்மா, உளறல் இல்ல. அப்பா எங்க ரேடியோல தினமும் பேசினவர். உன் பிள்ளைகிட்ட சொல்லு.”

“உங்க ரேடியோலயா?” கர்ட் வாய்விட்டுச் சிரித்தான். அம்மாவைப் பார்த்தே சிரித்தான். “காலைல ஏழு நாப்பதுக்கு எங்க ரேடியோல ‘ஹாங்க்’னு பேசினது யாராம்? ஜனநாயகக் கட்சிக்காரனைக் கிழிகிழின்னு கிழிச்சது யாராம்? பெத்த அப்பன் குரல் எனக்குத் தெரியாதா?”

“பொய்.”

“நீதான் பொய்.”

நாலு வருஷத்தில் இருவரும் நேராகப் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். அம்மா அதைக் கவனித்தாள். கவனித்துவிட்டு, ஆப்பிள் பை வெட்டுகிற கத்தியைத் தேட ஆரம்பித்தாள்.

அப்போது படியில் காலடி கேட்டது. தொப்பியைக் கையில் பிடித்தபடி ஒரு குண்டு மனிதர் இறங்கி வந்தார். தன் பெயர் டுவெய்ன் என்றார். அவருக்குப் பின்னாலேயே பின்னல் குல்லாய் போட்ட ஒல்லியான ஒரு பெண்மணி, ஈவ்லின். இருவரும் சேர்ந்து வந்தவர்கள் இல்லை என்பது அவர்கள் நின்ற இடைவெளியிலேயே தெரிந்தது.

“ஹாங்க் அண்ணனோட அடக்கம் இங்கதானேம்மா?”

“இல்லீங்க, இது வால்ட்டரோட அடக்கம்” என்றாள் ஈவ்லின்.

“ரெண்டும் இங்கதான், உக்காருங்க” என்றாள் அம்மா. “ரெண்டு ரேடியோலயும் அடக்கத்தைச் சொல்லச் சொன்னதே நான்தான்.”

கர்ட் ரொட்டிப் பெட்டியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான்.

டுவெய்ன் நடுவில் கிடந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். “ஹாங்க் அண்ணன் பேச்சைக் கேக்காம எனக்குப் பொழுது விடியாது. வரியைப் பத்திப் பிடி பிடின்னு பிடிப்பார். ஆனா போனை வைக்கறதுக்கு முன்னாடி, ‘இருபத்தொன்பதாம் நம்பர் ரோட்டுல பால் வண்டி ஓட்டறவங்க பாலத்துக்கிட்ட மெதுவாப் போங்க, ரோடு உறைஞ்சு கெடக்கு’ன்னு சொல்லாம வெச்சதே கிடையாது. நான் பால் வண்டிக்காரன் இல்ல. ஆனாலும் மெதுவாத்தான் போவேன்.”

“பால் வண்டியா?” என்றாள் மார்னி. “யாரு பால் வண்டி ஓட்டறது?”

“உன் தம்பிதான். அவன் வேலை பாத்த அச்சகத்தை மூடினதுலேர்ந்து” என்றாள் அம்மா.

மார்னிக்கு அச்சகம் மூடியதே தெரியாது.

“வால்ட்டரும் அப்படித்தான்” என்றாள் ஈவ்லின். “அரசாங்கத்தை உண்டு இல்லைன்னு பண்ணிட்டு, முடிக்கறப்போ, ‘முதுகு ஆபரேஷன் ஆனவங்க தானே பனி வாரக் கூடாது, யாரையாவது கூப்பிடுங்க, வெட்கப்படாதீங்க’ம்பார். எனக்கு முதுகு நல்லாத்தான் இருக்கு. ஆனா அதைக் கேட்டா ஒரு தெம்பு.”

“ஆபரேஷனா? யாருக்கு?” என்றான் கர்ட்.

“உங்கக்காவுக்குத்தாண்டா. ரெண்டு வருஷம் ஆச்சு.”

காபி இரண்டு மூலையிலும் களக் களக் என்று கொதித்தது.

அம்மா கத்தியைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆப்பிள் பையை வெட்டிக்கொண்டே பேசினாள். “மார்னி, நீ அவர்கிட்ட என்ன சொன்ன? ‘அவனோட உறவை முறிக்கிற வரைக்கும் எனக்குப் போன் பண்ணாதீங்க’ன்னு சொன்னியா இல்லையா?”

“சொன்னேன்.”

“டேய், நீ?”

“நானும்தான்.”

“அந்த மனுஷன் சொல் தவற மாட்டார். உங்களுக்குப் பண்ணல. ரேடியோவுக்குப் பண்ணினார். நீங்க ரெண்டு பேரும் எந்த நேரத்துக்கு எதைக் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதா? இருபது நிமிஷம் லைன்ல காத்திருக்கணும். காதுல இருக்கற மிஷினைக் கழட்டி வெச்சிட்டு உக்காந்திருப்பார். முறை வர்ற நேரம் பாத்து நான் தோளைத் தட்டுவேன். ரெண்டு நிமிஷம் யாரையாவது திட்டினாத்தான் பேச விடறான். அது உள்ள போற டிக்கெட். கடைசிப் பத்து விநாடிக்குத்தான் அவர் போன் பண்ணினதே.”

“அந்தக் காப்பீட்டுப் பேச்சு…” என்றாள் மார்னி. அதைக் கேட்டுக் காரை ஓரம்கட்டிக் கைதட்டியிருக்கிறாள்.

“நான் எழுதிக் குடுத்தது. நல்லா இருந்துதா?”

“வரியைப் பத்திப் பேசினாரே, அது?” என்றான் கர்ட் மெதுவாக.

“அதுவும் நான்தான். துணி துவைக்கிற மிஷின் ஓடறப்போ எழுதினது.”

“அப்ப அப்பா நிஜமா எந்தப் பக்கம்மா?”

“நாப்பத்தொன்பது வருஷம் கேட்டுப் பாத்தேன். சொல்லல.”

கர்ட் ரொட்டிப் பெட்டியைக் கீழே வைத்தான். “திங்கட்கிழமை எந்த ரேடியோவுக்குப் போன் போட்டார்?”

மார்னியும் அதைத்தான் கேட்க வாயெடுத்தாள். நாலு நாளாக அவள் நெஞ்சில் கிடந்த கேள்வி அது. கடைசியாக அப்பா யாரிடம் பேசக் காத்திருந்தார்?

“போனை எடுத்துக் காதுல வெச்சேன். காத்திருக்கறப்போ போடற பாட்டுதான் போயிட்டிருந்தது. ரெண்டுக்கும் ஒரே பாட்டுதானே.”

“அதெப்படி ஒரே பாட்டு?” என்றார் டுவெய்ன்.

“ஒரே கட்டடம்ங்க. கீழ்மாடி அவங்களுது, மேல்மாடி உங்களுது. முதலாளி ஒருத்தன்தான். போன் எடுக்கறது ரெண்டுக்கும் ட்ரூடின்னு ஒரு பொண்ணு. ‘தாத்தா, இன்னிக்கு ஹாங்க்கா, வால்ட்டரா?’ன்னு கேப்பா.”

டுவெய்னும் ஈவ்லினும் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒரே முதலாளியா?” என்றாள் ஈவ்லின். “நான் வருஷா வருஷம் அந்த ரேடியோ பேர் போட்ட குவளை வாங்கறேனே.”

“நான் தொப்பி வாங்கறேன்” என்றார் டுவெய்ன்.

“ட்ரூடிகிட்ட கேட்டியாம்மா?” என்றாள் மார்னி.

“கேட்டேன். அன்னிக்கு ஹாங்க்னும் சொல்லல, வால்ட்டர்னும் சொல்லலையாம். ‘சாயங்காலம் பெரிய பனி வருதாம். எதுல சீக்கிரம் கிடைக்குதோ அதுல போடும்மா’ன்னாராம்.” அம்மா கத்தியைத் துணியில் துடைத்தாள். துடைத்த இடத்தையே இன்னொரு முறை துடைத்தாள். “காது மிஷின் மேசை மேலதான் இருந்தது. நான் தோளைத் தட்டினேன்.”

கர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். மார்னிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அம்மா துணி துவைத்துக்கொண்டே இரண்டு கட்சிக்கும் வசனம் எழுதியதை நினைத்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தினமும் காலையில் அப்பா தன்னைப் பெயர் சொல்லாமல் கூப்பிட்டிருக்கிறார். அவளோ ஒலியைக் கூட்டிவைத்து அரசியலைக் கேட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை.

மேலே மணி அடித்தது. போனார்கள், பாடினார்கள், ஜெபித்தார்கள். மண் உறைந்து கிடந்ததால் குழியருகே பாதிரியார் சுருக்கமாக முடித்துக்கொண்டார். திரும்பி வரும்போதே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது.

சாப்பாட்டுக்கு எல்லாரும் அவரவர் பக்கத்தில் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். டுவெய்னும் ஈவ்லினும் மட்டும் நடுவில் ஒரு மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த முதலாளியை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு எழுதப்போகும் கடிதத்தில் யார் பெயர் முதலில் வருவது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு.

மார்னி மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். காகிதத்தை எடுத்தாள், பிரிக்கவில்லை.

“எங்கப்பா என்ன கட்சின்னு சொல்லத்தான் ரெண்டு பக்கம் எழுதிட்டு வந்தேன். எனக்கு அது தெரியாதுன்னு இன்னிக்குக் காலைலதான் தெரிஞ்சது. நாலு வருஷமா தினமும் அவர் என்கூடப் பேசினார். நான் ஒரு நாள்கூடப் பதில் சொல்லல. அவ்வளவுதான். எல்லாரும் நல்லா சாப்பிடுங்க.”

இடது பக்கத்துக்காரர்களுக்கு ஏமாற்றம். வலது பக்கத்துக்காரர்கள், இனி நம்ம முறை என்று கர்ட்டைப் பார்த்தார்கள். கர்ட் எழுந்தான். மைக்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் படியேறிப் போய்விட்டான்.

மார்னி உட்கார்ந்தாள். போய்விட்டான். இனி அடுத்த சாவுக்குத்தான் வருவான் என்று நினைத்துக்கொண்டாள்.

கூடத்தின் ஜன்னல்கள் உயரத்தில் இருந்தன. உள்ளேயிருந்து பார்த்தால் வெளியே தரைமட்டம்தான் தெரியும். வரிசையாக நின்ற கார்களின் சக்கரங்களும், பின்பக்க பம்பர்களும், அதற்குமேல் பனியும். அங்கே ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது. அப்புறம் ஒரு பனி வாரும் தட்டு இறங்கியது. அவளுடைய பழைய சாம்பல் நிறக் காரின் சக்கரத்தைச் சுற்றி வாரி எடுத்தது. மறுபடி இறங்கியது, மறுபடி வாரியது. மார்னி முள்கரண்டியைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“என்னத்தைடி பாக்கற?” என்றாள் அம்மா.

“ஒண்ணுமில்லம்மா.”

வாரிய பனியை எங்காவது கொட்ட வேண்டுமே. கர்ட் அதைப் பக்கத்துக் காரின் பின்புறத்தில் கொட்டிக்கொண்டிருந்தான். அது ஈவ்லினுடைய சின்னப் பச்சைக் கார். பின்பக்க பம்பர் முழுக்கக் கட்சி வாசகங்கள் ஆறு ஒட்டியிருந்தாள். ஆறும் மார்னிக்கு மனப்பாடம், அதில் இரண்டு அவள் காரிலும் இருந்தன. ஒவ்வொரு தட்டுப் பனிக்கும் ஒரு வாசகம் காணாமல் போயிற்று. அந்தப் பக்கத்தில் வேறு கொட்ட இடம் இல்லாமல் இல்லை.

“வெளிய இன்னும் கொட்டுதாம்மா?” என்று நடு மேசையிலிருந்து ஈவ்லின் கேட்டாள்.

“கொட்டுது” என்றாள் மார்னி. இன்னொரு துண்டு ஆப்பிள் பையை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள். ஆறாவது வாசகத்தின் பாதி இன்னும் தெரிந்தது.