கால் பட்ட கார்

பகலில் தூங்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தனியாக ஒன்றும் கிடையாது. லோறன்ஸ் பாரிசுக்கு வந்த நாளிலிருந்து பகலில்தான் தூங்குகிறான். இரவு முழுக்க ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் தரை துடைத்துவிட்டு, காலையில் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் இருந்த தன் அறைக்கு ஏறி வருவான். அதே நேரத்தில் அவன் மனைவி இம்மாகுலேற் தையல் பட்டறைக்குப் படியிறங்குவாள்.

"சோறு சட்டிக்கை இருக்கு."

"ம்."

அவ்வளவுதான் குடும்பம். அவள் விட்டுப்போன சூட்டில் அவன் போய்ப் படுப்பான். இப்படியே போனால், தான் கட்டினது கட்டிலைத்தான், புருசனை இல்லை என்று பங்குச் சுவாமியாரிடம் போய்ச் சொல்லப்போவதாக ஒருநாள் அவள் பகிடி விட்டாள். அதற்குப் பிறகு படிக்கட்டில் சோற்றைப் பற்றிக்கூடப் பேசுவதை நிறுத்திவிட்டாள். பகிடியைவிட அதுதான் அவனைப் பயமுறுத்தியது. எப்படியாவது ஒரு பகல் வேலை எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அவள் ஒருநாள் படியிறங்கினால் இறங்கினதுதான்.

அந்த வருடம், எண்பத்தேழில், லோறன்சுக்குப் பழக்கமான தவரத்தினம் பிலிப்-து-ஜிரார் தெருவில் பலசரக்குக் கடை போட ஆயத்தமானார். அதுவரை அவர் பாரிசுக்கு வெளியே, ஓல்னே-சூ-புவாவுக்கு அப்பால் ரொபேர் என்ற பிரெஞ்சுக்காரனின் சொந்தக் கார் மியூசியத்தில் கார் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் விடும் இடத்துக்கு ஆள் தேவை. லோறன்சைப் பற்றிச் சொல்லி வைத்தார். ரொபேர் வேறு எதுவும் விசாரிக்கவில்லை. மியூசியம் திறக்கிற ஞாயிற்றுக்கிழமை பார்வையாளனாக வரட்டும், கார்களுக்கு நடுவே எப்படி நடக்கிறான் என்று பார்க்கிறேன் என்றான்.

"அதென்ன அண்ணை, பொம்பிளை பாக்கிற மாதிரி?" என்றான் லோறன்ஸ், அந்த ஞாயிறு இருவரும் போன ரயிலில்.

"அதைவிட மோசம். பொம்பிளையிலை கீறு விழுந்தா ஆறிப்போகும். பெல்ட்டைக் கழட்டு."

"ஏன்?"

"பக்கிள் கீறும். மணிக்கூட்டையும் கழட்டு."

"காற்சட்டை கழண்டா?"

"வயித்தை உப்பிப் பிடி. இல்லாட்டி விழட்டும், துணி கீறாது."

லோறன்ஸ் பெல்ட்டைச் சுருட்டிக் கோட்டுப் பையில் வைத்தான். ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் வாகனப் பொறி படிக்கப் போய்ப் பாதியில் விட்டவன் அவன். நாடு குழம்பியது ஒரு காரணம். படிப்பு ஓடாதது மற்றக் காரணம். எல்லோரிடமும் முதல் காரணத்தையே சொல்லிவந்தான்.

மியூசியம் என்றால் ஒரு பழைய சரக்குக் கொட்டகைதான். வெளியில் பெயர்ப்பலகைகூட இல்லை. உள்ளே நுழைந்ததும் குளிரும் மெழுகு வாசமும் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. முகம் தெரிகிற அளவுக்கு மினுங்கும் தரையில் அமெரிக்கக் கார்கள் வரிசையாக நின்றன. அறுபதுகளிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வேகத்துக்கென்றே செய்த ராட்சதக் கார்கள். ஒரு பொன்ரியாக், இரண்டு டொட்ஜ், ஒரு மஸ்ராங். கடைசியில் கருநாவல் நிறத்தில் ஒரு பிளிமத். ஒவ்வொன்றின் மூக்கும் ஒரு கட்டில் நீளம். எல்லாவற்றிலிருந்தும் எண்ணெயை வடித்து, பற்றரியைக் கழற்றி வைத்திருந்தார்கள். ஒன்றுகூட இனி ஓடாது.

அழைப்பின் பேரில் வந்தவர்கள் மெல்லப் பேசிக்கொண்டு சுற்றினார்கள். லோறன்சுக்கு இது செத்தவீடு போலத்தான் பட்டது. குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, எல்லோரும் வந்து பார்க்கக் கிடத்தியிருக்கிறார்கள். பார்க்க வந்தவர்கள், உயிரோடு இருந்தபோது எவ்வளவு வேகம் ஓடினது என்று விசாரிக்கிறார்கள்.

ரொபேர் உயரமான கிழவன். கல்லும் மணலும் விற்று ஓய்ந்தவன். லோறன்சுக்குக் கை கொடுத்துவிட்டு, "நடந்து பாருங்கள்" என்று மட்டும் சொன்னான். பிறகு கைகளைப் பின்னால் கட்டியபடி தூரத்தில் நின்றுகொண்டான்.

லோறன்ஸ் நடந்தான். வயிற்றை உப்பி, கைகளை மார்போடு ஒடுக்கி, நற்கருணை வாங்கப் போகிறவன் மாதிரி நடந்தான். பொன்ரியாக்கைக் கடந்தான், டொட்ஜுகளைக் கடந்தான். எல்லாம் சரியாகத்தான் போனது. பிளிமத்துக்கு முன்னால் உரோமக் கோட்டுப் போட்ட ஒரு பெண் எதிரே வர, வழிவிட ஓரடி பின்னால் வைத்தான். சப்பாத்தின் குதி காரின் முன் பம்பரில் 'டொக்' என்று பட்டது.

அடுத்து நடந்ததை அவன் செய்தான் என்று சொல்ல முடியாது. கை செய்தது. திரும்பிக் குனிந்து, கால் பட்ட பம்பரை விரல் நுனிகளால் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டது. ஊரில் புத்தகத்தில் கால் பட்டாலும் ஆளில் கால் பட்டாலும் இதுதான். சைவம், கிறிஸ்தவ வேதம் என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. தாய் முதுகில் தட்டித்தட்டிப் பழக்கினது.

நிமிர்ந்தபோதுதான் பார்த்தான். கால் பட்ட இடத்தில் ஒரு தடமும் இல்லை. கை பட்ட இடத்தில் நாலு விரலும் எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே பதிந்திருந்தன. மன்னிப்புக் கேட்டதுதான் குற்றமாகப் போயிற்று.

ரொபேர் வந்தான். கால் பட்டதை அவன் காணவில்லை. அந்தப் பெண் மறைத்திருந்தாள். குனிந்ததையும் தொட்டதையும் கண்ணில் ஒற்றியதையும் கண்டிருந்தான்.

"என்ன செய்தீர்கள்?"

தவரத்தினம் குறுக்கே பாய்ந்தார். தன் உடைந்த பிரெஞ்சில், "கும்பிடுகிறான், முசியே. எங்கள் ஊரில் பெரிய பொருளைக் கண்டால் தொட்டுக் கும்பிடுவோம்" என்றார். பிறகு முகத்தில் சிரிப்பை மாற்றாமலே தமிழில், "நீ கும்பிட்டனி. விளங்குதோ?"

"ஓம்."

"காலைப் பற்றி மூச்சு விட்டியோ, தொலைஞ்சாய்."

"ஓம் ஓம், அண்ணை."

ரொபேரின் முகம் மாறியது. "ஓம்" என்று மெல்லத் திருப்பிச் சொன்னான். "அவர் ஓம் என்கிறார்."

யாழ்ப்பாணத்தில் ஓம் என்றால் ஆமாம். அதற்குமேல் ஒரு மண்ணும் இல்லை. மீன் வேணுமோ என்றால் ஓம், மழை விட்டதோ என்றால் ஓம். ஆனால் செத்துப்போன தன் மனைவி யோகா பழகினவள் என்று ரொபேர் சொன்னான். விடியற்காலையில் பாயில் உட்கார்ந்து இதே ஒலியை எழுப்புவாளாம். கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறான். உள்ளே போய் அவளோடு ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அப்போதெல்லாம் அவனுக்குக் கார்தான் முக்கியம்.

"வருகிறவர்கள் எல்லோரும் எத்தனை குதிரை வலு என்றுதான் கேட்கிறார்கள்" என்றான். "குனிந்தவர் நீங்கள் ஒருவர்தான்."

முதலாம் திகதியிலிருந்து வேலைக்கு வரலாம் என்றான். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை. ஒரேயொரு விருப்பம். திறப்பு ஞாயிறுகளில் எல்லாக் கார்களுக்கும் இந்த வணக்கத்தைச் செய்வீர்களா? இன்று, இப்போதே செய்வீர்களா?

ரொபேர் கேலி செய்திருந்தால் லோறன்சுக்கு லேசாக இருந்திருக்கும். இறந்தவளுக்குப் பூசை ஒப்புக்கொடுக்கக் கேட்பவனைப் போலக் கேட்டான். கண் கலங்கியிருந்தது.

ஓம் என்றால் ஆமாம் என்று சொல்ல லோறன்சிடம் போதிய பிரெஞ்சு இருந்தது. காலால் தட்டிவிட்டேன், அதற்குத்தான் மன்னிப்பு என்று சொல்லவும் இருந்தது. அந்தப் படிக்கட்டை நினைத்தான். வாய் பேசாமல் இறங்கிப் போகும் இம்மாகுலேற்றை நினைத்தான்.

பொன்ரியாக்கிலிருந்து தொடங்கினான். குனிந்து, தொட்டு, ஒற்றி, "ஓம்." பார்வையாளர்கள் ஒதுங்கி நின்றார்கள். உரோமக் கோட்டுக்காரி கைகளைக் கூப்பினாள். அடுத்த கார். "ஓம்." அவனுக்குப் பின்னாலேயே தவரத்தினம் துணியோடு வந்து விரல் அடையாளங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி வரிசை தாண்டியபோது லோறன்சுக்கு ஒன்று விளங்கியது. அவன் பொய் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் ஓம் என்றுதான் சொல்லிக்கொண்டு போகிறான். இதற்கும் ஓம். அதற்கும் ஓம். ஒரு மனிதன் வெட்கம் கெடுவதற்குச் சாமி தேவையில்லை, ஒரு ஆமாம் போதும். பிளிமத்தைத் தொட்டபோது அந்தக் கிழவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். லோறன்ஸ் அவன் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வரும் ரயிலில் தவரத்தினம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார். "சைவக்காரன் எனக்கு வராத பக்தி வேதக்காரன் உனக்கு வந்திட்டுதடா."

"நான் ஓம் எண்டது உங்களுக்கு அண்ணை."

"அது எனக்குத் தெரியும். அந்தாளுக்குத் தெரிஞ்சு என்ன செய்யப்போகுது?"

"மனிசியை நினைச்சு அழுதவர்."

"அழட்டுமன். உன்ரை மனிசி அழாமல் இருக்க வழி பிறந்திட்டுதெல்லோ."

அறையில் இம்மாகுலேற் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். ஏறிட்டுப் பார்த்தாள். வேலை கிடைத்ததா என்று கேட்கப் பயந்தாள்.

"கிடைச்சிட்டுது. பகல் வேலை."

கத்தியை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். பிறகு, "ஞாயிறு?" என்றாள்.

"மாதத்திலை ஒரு ஞாயிறு போகவேணும்."

"ஞாயிறு அங்கை என்ன வேலை?"

சொன்னான். குதி பட்டதிலிருந்து கிழவன் கண்ணை மூடியது வரை ஒன்றும் விடாமல் சொன்னான். காற்சட்டைக் கதைக்குச் சிரித்தாள். 'ஓம்' கதைக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள்.

"அந்தாள் பிழையா விளங்கினதுக்கு நீங்கள் என்ன செய்யிறது?"

"சொல்லியிருக்கலாம்."

"இப்ப போய்ச் சொல்லப்போறியளோ?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். கீழே தெருவில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"இல்லை" என்றான்.

அவள் தலையாட்டினாள். அது சரி என்பதா, பிழை என்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை. எழும்பிப் போய்க் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆள் மாறி ஆள் படுத்ததில் அது நடுவில் மட்டும் குழிந்து கிடந்தது.

"இன்னொரு தலையணை வாங்கவேணும்" என்றாள். "ஒண்டுதானே இருக்கு."